மங்களத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை

வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்ற பிறகு கிடைத்த மலிவுவிலை வீட்டுக்கு மங்களம் குடிவந்து மூன்று வருடமாகிறது. ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், தாமான் எனப்படும் குடியிருப்பில் அந்த வீடு. மூன்று அறை, எந்நேரமும் குழாயில் தண்ணீர், மழைக்கு ஒழுகாத கூரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் அவளால் உட்கார முடியவில்லை.

தோட்டத்தில் மரம் சீவிவிட்டு வந்தால், மத்தியானத்துக்கு மேல் ஆற்றோரத்தில் அவளுக்கென்று ஒரு காய்கறிக் கொல்லை இருந்தது. இங்கே வாசலில் சிமெண்டு, பின்பக்கம் சாக்கடை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவாள். கேட்டுவரை போய்த் திரும்புவாள்.

"சும்மா உக்காரேன் லா. நீ நடக்குறத பாத்து எனக்குக் காலு வலிக்குது," என்பார் கணவர் ஜெயபாலன். அவருக்கு இந்த வீடு பிடித்திருந்தது.

ஒருநாள் காம்பார் பல்கலைக்கழகத்திலிருந்து தினேஸ்வரி என்ற மாணவி வந்தாள். குடிமாறி வந்த குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் பற்றி ஆய்வாம். தண்ணீர், கரண்டு, கிளினிக் என்று கேட்டதற்கெல்லாம் மங்களம் "நல்லா இருக்கும்மா" என்றாள்.

"பகல்ல என்ன செய்வீங்க ஆன்ட்டி?"

மங்களம் கூட்டி வைத்திருந்த வாசலைப் பார்த்தாள். "சமைப்பேன்," என்றாள் கடைசியில். சொன்ன பிறகு மனசு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஓரத்தில் கீரை பயிரிடும் சீனர் ஆ சோங்கிடம் போய் வேலை கேட்டாள். களை பிடுங்க அவருக்கும் ஆள் தேவைப்பட்டது.

விஷயம் தெரிந்து ஈப்போவிலிருந்து மகள் கலாதேவி போன் செய்தாள். "அறுபது வயசுல வெயில்ல போய்க் குனியணுமாம்மா? நாங்க சோறு போடலன்னு ஆளுங்க பேசுவாங்க."

"பேசட்டும். எனக்கு வீட்டுல இருக்க முடியல."

மூன்று வாரம் போயிற்று. உடம்பு வலித்தது, தூக்கமும் வந்தது. ஆனால் கண் மட்டும் வேலியோரம் சும்மா கிடந்த துண்டு நிலத்துக்கே ஓடியது. அதில் பயத்தங்காய் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஆ சோங்கிடம் மலாயில் கேட்டாள்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நிலம் அவருடையதில்லை, அரசாங்கத்தினுடையது. வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்க வேண்டும். இந்த வருஷக் கடிதம் இன்னும் வரவில்லை. அவரையே காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள்.

"காய்க்க ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இருப்பீங்கதானே?"

"தெரியாது லா, அக்கா. போடறதுன்னா போடுங்க."

மங்களம் அன்று சாயங்காலமே அந்தத் துண்டைக் கொத்தி விதை போட்டாள். கொடி படர்வதற்குக் குச்சி நாளைக்கு ஊன்றலாம் என்று சைக்கிள்வரை போனவள், திரும்பி வந்து, இருட்டுவதற்குள் நாலு குச்சியாவது வெட்டி ஊன்றிவிடலாமென்று கத்தியைத் தேடினாள்.