பட்டிக்குள் புகுந்த ஒன்பது குட்டிகள்

டெம்போவின் பின்பலகையை ஒரு பக்கம்தான் கட்டியிருந்தேன். அது ஒரு தப்பு. அதற்கு முன்னால் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் கறிக்கடை வைத்திருந்தவன். பிள்ளையார்பாளையம் போகிற வழியில் கடை. படிப்பு ஐந்தாவது. இப்போது கடையை மகன் பார்க்கிறான். அறுப்புக்கு மட்டும் நான் போவேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவனிடம் கேட்கிறார்களாம், மொத்தமாகக் குட்டி வேண்டுமென்றால் சந்தையில் வாங்கலாமா, ஆடு வளர்க்கிற பட்டிக்கே போய் வாங்கலாமா என்று. "நீயே எழுதிக் குடுப்பா" என்றான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே நாளில் தெரிந்தது. அந்த நாளை எழுதுகிறேன்.

1. இருபத்தைந்து குட்டி

தொண்ணூறுகளின் கடைசி. மாசி மாதம். லோகநாதன் என்று ஒரு தறிக்காரர். ஆறு தறி ஓட்டினார். பெண்ணுக்குக் கல்யாணம். மறுநாள் கறி விருந்து. இருபத்தைந்து செம்மறிக் குட்டி வேண்டும் என்றார். அதுவரை நான் ஒரு நாளில் ஆறுக்கு மேல் அறுத்ததில்லை.

"பல்லு போட்டது வேணாம்பா. குட்டியா இருக்கணும். சம்பந்தி வூட்டுக்காரங்க வாய்க்கு ருசியா துன்னு பழகினவங்க. கறி ரப்பராட்டம் இருந்துச்சுன்னா உன்னைக் கேக்க மாட்டாங்க. என் பொண்ணைத்தான் காலம் பூரா குத்திக் காட்டுவாங்க."

பல் போட்டது என்றால் பால் பல் விழுந்து பெரிய பல் வந்த ஆடு. வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். அப்புறம் இடுப்பில் கை வைத்து அழுத்தினால் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடலாம். பல், இடுப்பு. இருபது வருடம் நான் பார்த்தது இந்த இரண்டைத்தான்.

சந்தையில் சிலர் உப்பு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்துத்தான் நிறுத்துவார்கள். கை வைத்தால் கொழுத்த மாதிரி இருக்கும். அடுப்பில் வைத்தால் தண்ணீர் விடும். பெரிய விருந்துக்கு அது ஆகாது. பட்டியில் நேராக வாங்குவது என்று முடிவு செய்தேன்.

திருமுக்கூடல் பக்கம், பாலாற்றங்கரையில் ஒரு பட்டி இருப்பதாகச் சொன்னார்கள். வசந்தா, ஆறுமுகம். புருஷன் பெண்டாட்டி. நாற்பது தாய் ஆடு. எல்லாம் சிவப்பு. பகலில் ஆறுமுகம் தாய்களை ஆற்றுக்குள் மேய்ப்பார். வசந்தா குட்டிகளைப் பட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். முப்பத்தைந்து வயதிருக்கும். மேலே ஆண் சட்டை போட்டிருந்தது.

"கெடாக் குட்டி பதினாறு இருக்குது. எடுத்துக்க. பொட்டை ஏழு இருக்குது. அது விக்கறதுக்கு இல்ல."

"மொத்தமா எடுத்துக்கறேன்மா. நல்ல வெலை தர்றேன்."

"இன்னாணா, பதினாறுன்னு சொன்னா காதுல விழல?"

அப்புறம் ஒன்று சொன்னது. "எடுக்க வர்றப்போ வெறும் வண்டியா வரணும். சந்தை ஆட்டை ஏத்திக்கினு இந்தப் பக்கம் வரவே கூடாது."

சரிம்மா என்றேன். கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்கிற சரி.

2. ஒரே டிரிப்

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் விடியற்காலை சந்தைக்குப் போய்க் குறைகிற ஒன்பது குட்டி வாங்கினேன். அதுவும் சிவப்புதான். பல் பார்த்தேன். இடுப்பு பார்த்தேன். நல்ல குட்டிகள். டெம்போ ஓட்டி வந்த பாபு சொன்னான்.

"போற வழிதானேண்ணா. அந்தப் பதினாறையும் போட்டுக்கினா ஒரே டிரிப்பு. இல்லாங்காட்டி டவுனுக்குப் போயி இறக்கிட்டு மறுபடியும் வரணும்."

வசந்தா சொன்னது ஞாபகம் இருந்தது. பட்டி வரைக்கும் போகாமல், தூரத்தில் வேலிக்காத்தான் மர நிழலில் நிறுத்தச் சொன்னேன். அதுவே போதும் என்று நினைத்தேன். பெரிய தப்பு அதுதான்.

இறங்கிப் பட்டிக்கு நடந்தேன். குட்டிகளை வெளியே விட வசந்தா வாசல் படலைத் திறந்து பிடித்திருந்தது. அப்போது வண்டியில் ஒரு குட்டி கத்தியது. பட்டியில் இருந்து பதில் வந்தது. செம்மறிக்கு இன்னொரு செம்மறிச் சத்தம் கேட்டால் போதும். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்பதும் குதித்து, ஓடி வந்து, என் காலுக்கு நடுவில் புகுந்து, பட்டிக்குள் போய்விட்டன.

உள்ளே முப்பத்திரண்டு குட்டி. எல்லாம் ஒரே சிவப்பு. சுற்றிச் சுற்றி ஓடி ஒன்றோடொன்று உரசி நின்றன. நான் வாங்குகிற ஆட்டுக்கு முதுகில் அடையாளம் போடுவேன். தெருவில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் மிச்சச் சாயம் கொடுப்பார். அன்றைக்கு அதை எடுத்து வரவில்லை, கடையிலேயே இருந்தது. எது என்னுடையது, எது அந்தம்மாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டு விழும் என்று நின்றேன். வசந்தா என்னைப் பார்க்கவே இல்லை. பாபுவைப் பார்த்துச் சொன்னது.

"ஆத்துல அவுரு மேய்ச்சிக்கினு இருக்காரு. ஓடு. ஆட்டை இங்க ஓட்டியாற வேணாம்னு சொல்லு. அங்கியே நிக்கட்டும். நீ கிட்ட போவாத. தூரமா நின்னு கத்து."

பாபு ஓடினான்.

"தாய்ங்க வந்தா அதது அதோட குட்டியைக் கண்டுபிடிச்சிடுமேம்மா" என்றேன்.

"கண்டுபிடிக்கும். மோந்து பாத்துதான் கண்டுபிடிக்கும். உன் சந்தைக் குட்டி மூஞ்சியில நாப்பது தாயும் மூக்கை வெக்கணுமா?"



3. படல்

வசந்தா படலை ஒரு குட்டி நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்தது. முட்டியை அதில் முட்டுக் கொடுத்து நின்றது. என்னை வெளியே நிற்கச் சொன்னது.

"நான் வுடறது உன்னுது. புடிச்சி வண்டியில ஏத்து. பேசாத."

குட்டிகள் முகத்தைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தன. அந்தம்மா தாடையைத் தொட்டுத் தூக்கும். ஒரு பார்வை. அவ்வளவுதான்.

"மூளி மவன். உள்ள போ." மூளி என்பது காது கிழிந்த தாய். "வெள்ளக்காலு மவ. போ. திருடி மவன். பாரு, இப்பவே கண்ணு எங்க போவுதுன்னு. போ." திருடி, வேர்க்கடலைக் கொல்லையில் புகுகிற ஆடாம். "பெரியவ பேரன். போ. நீ யாருடா? உன்னை எனக்குத் தெரியாது. வெளிய வா."

ஒன்று என்னிடம் வந்தது. பிடித்துக்கொண்டேன்.

நான் ஆயிரக்கணக்கில் ஆடு அறுத்தவன். ஒரு ஆட்டின் முகத்தை நின்று பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தும் தெரியவில்லை. பேசாதே என்று சொல்லியும் வாய் நிற்கவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்குது, எப்படிம்மா?"

"உன் கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்காங்க?"

"இல்ல."

"அப்புறம் இன்னா கேள்வி?"

முப்பத்திரண்டு குட்டி. ஒரு குட்டியைக்கூட இரண்டாம் தரம் பார்க்கவில்லை. ஒரு இடத்திலும் யோசிக்கவில்லை. லோகநாதன் நெசவு பார்க்கும்போது ஒரு இழை அறுந்தாலும் கண் அங்கே போய் நிற்கும். அதைப் பார்த்து அதிசயப்பட்டிருக்கிறேன். இது அதைவிடப் பெரிது. இழை ஓடாது. குட்டி ஓடுகிறது. தொழிலில் நான் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது அந்தப் படலில் நின்றே போய்விட்டது.

எட்டாவதாக வெளியே வந்த குட்டியை வசந்தா விடவில்லை. முகத்தைப் பார்த்தது. கண்ணில் நீர் வடிந்திருந்தது. வாலைத் தூக்கியது. வாலுக்கடியில், முடி இல்லாத இடத்தில், அரிசி அரிசியாகச் சிவப்புப் புள்ளி.

"வாங்கறப்போ வாலைத் தூக்கிப் பாத்தியா?"

"பல்லு பாத்தேன்."

"பல்லு."

அது ஆட்டம்மை. ஒன்றுக்கு வந்தால் பட்டி முழுக்கப் பரவும். பெரிய ஆடு பிழைத்தால் உண்டு. குட்டி நிற்காது. ஒன்பதாவதையும் வெளியே விட்டுவிட்டு அந்தம்மா மண்ணில் உட்கார்ந்தது.

4. ஏழு பொட்டை

கிடாக் குட்டி பதினாறும் இரண்டு நாளில் அறுபடப் போகிறவை. அம்மை வெளியே வர நாள் ஆகும், அதற்கு முன்பே கறியாகிவிடும். பெட்டைக் குட்டி ஏழும் இனிமேல் தாய்களிடம் போக முடியாது. அம்மை ஒட்டியிருந்தால் நாற்பதுக்கும் போகும்.

நான் சொன்னேன், "அந்த ஏழையும் நானே எடுத்துக்கறேன்மா. உனக்கும் பயம் இல்ல."

எனக்கும் அது வசதி. சந்தைக் குட்டியை இனி விருந்துக்குத் தொட முடியாது. ஒன்பது குறைகிறது. ஏழு கிடைத்தால் பெயர் தப்பித்துவிடும். இதை அந்தம்மா என் முகத்தில் படித்துவிட்டது. ஆட்டு முகமே தெரிகிறவருக்கு என் முகம் தெரியாதா?

"நீ கேப்பன்னு தெரியும். பதினாறு உன்னுது. இந்த ஏழும் என்னோட வர்ற வருசம். அத்த வெட்டிட்டு நான் இன்னாத்த மேய்க்கறது?"

"செத்துப்போச்சுன்னா?"

"செத்தா என் கையில சாவட்டும்."

பாலாற்றில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு மணல் திட்டு. கோரை முளைத்திருந்தது. வசந்தா ஏழு குட்டியையும் அங்கே ஓட்டிக்கொண்டு போனது. முள் வெட்டி அடைப்புப் போட்டது. நான் உதவிக்குப் போனேன். அங்கேயே நில் என்று கையைக் காட்டியது.

மூன்று வாரம் அந்தத் திட்டை விட்டு வரவில்லை. சட்டையில்கூட அம்மை ஒட்டி வரும் என்று. ஆறுமுகம் கரையில் இருந்து இறங்கிப் பாதி மணலில் சோற்றுத் தூக்கை வைத்துவிட்டுத் திரும்புவார். அவர் போன பிறகு அந்தம்மா வந்து எடுத்துக்கொள்ளும். மாசி வெயில். மேலே ஒரு கோணிப்பை நிழல். நான் கால்நடை டாக்டரைக் கூட்டிப் போய்த் தாய் ஆடுகளுக்கு ஊசி போட வைத்தேன். என்னால் ஆனது அது ஒன்றுதான்.

5. விருந்து

பதினாறு குட்டியோடு போய் லோகநாதனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் தறிக் குழியில் இருந்து ஏறாமலே கேட்டார்.

"வாலைத் தூக்கிப் பாக்கலியா?"

"இல்லீங்க."

"ஏம்பா, பொடவையைத் திருப்பி உள்பக்கம் பாக்காம எவனாவது எடுப்பானா? நீயெல்லாம் ஒரு யாவாரி." அறுந்திருந்த ஒரு இழையை முடிந்தார். "சரி. வறுவலை வுட்ரு. பிரியாணி மட்டும். ஆளுக்கு ஒரு முட்டை வெச்சிரு. நோவு ஆட்டைப் போட்டு என் பொண்ணு பேரைக் கெடுக்காம வந்து சொன்ன பாரு, அதுக்கு இந்தத் தடவை வுடறேன்."

விருந்தன்று அண்டாவைத் திறந்த சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"எந்த ஊரு குட்டிபா இது? சொட்டுத் தண்ணி வுடல. பூவாட்டம் வெந்திருக்குது."

சம்பந்தி வீட்டார் மறு சோறு கேட்டார்கள். முட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. லோகநாதன் மட்டும் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று விடியலில் அறுக்கும்போது ஒரு குட்டி கண்ணை ஓரமாகத் திருப்பியது. திருடி மவன். பெயர் தெரிந்து நான் அறுத்த முதல் ஆடு.

சந்தைக் குட்டி ஒன்பதையும் ஊருக்கு வெளியே கட்டியிருந்தேன். எட்டாம் நாளுக்குள் இன்னும் மூன்றுக்குப் புள்ளி வந்தது. அந்த மூன்றும் முதல் குட்டியும் செத்தன. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். ஒவ்வொரு குழி வெட்டும்போதும் மணல் திட்டில் இருந்த ஏழையும்தான் நினைத்துக்கொண்டேன்.

6. இருபத்தோராம் நாள்

அன்று கடை திறக்கவில்லை. குளித்தேன். கடைக்குப் போட்டுப் போகாத சட்டை போட்டேன். சைக்கிளையும் கழுவிக்கொண்டு போனேன். கரையில் ஆறுமுகம் நின்றிருந்தார்.

"இன்னா ஆச்சுங்க?"

"தெரியல. ரெண்டு நாளா காத்து. கத்தினா கேக்க மாட்டேங்குது. இன்னிக்குச் சொல்றேன்னு சொல்லிச்சு."

மணல் பறந்தது. திட்டில் கோரைக்கு நடுவே அந்த ஆண் சட்டை தெரிந்தது. குட்டிகள் தெரியவில்லை. நான் இரண்டு கையையும் வாயில் வைத்துக் கத்தினேன். காற்று திரும்பிக் கொண்டுவந்து என் மேலேயே போட்டது.

வசந்தா குனிந்தது. ரொம்ப நேரம் குனிந்திருந்தது. ஒவ்வொன்றின் வாலையும் தூக்கிப் பார்க்கிறது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நிமிர்ந்தது. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியது. ஐந்து விரல்.

"அஞ்சுதானா?" என்றார் ஆறுமுகம்.

அந்தக் கையை இறக்கிவிட்டு இன்னொரு கையைத் தூக்கியது. இரண்டு விரல். ஐந்தும் இரண்டும் ஏழு.

ஆறுமுகம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அந்தப் பட்டியில் குட்டி எடுத்தேன். அந்த ஏழின் குட்டிகளையும் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் வெறும் வண்டி. முதல் நாளே கழுவி, காயவைத்து.

தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பட்டிக்காரர் ஒன்று சொன்னால் காரணம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அதை முழுசாகச் செய்யுங்கள். பாதி செய்வது செய்யாததுதான். பல் பாருங்கள், இடுப்பு பாருங்கள், வாலைத் தூக்கிப் பாருங்கள்.

நான் அதோடு முகத்தையும் பார்ப்பேன். கத்தி வைக்கும் முன்னால் ஒரு தடவை. எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன்.