என் பெயரில் ஒரு விடுதி

காரைக்காலில் எங்கள் தெருவுக்கெல்லாம் இணைய இணைப்பு கொடுத்தவர் அவர். ஒல்லியான மனிதர். கைக்குட்டையில் விரல்களைத் துடைக்காமல் கீபோர்டைத் தொடமாட்டார். வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்தே இயங்கும்படி, நான் எடுத்த பறவைப் படங்களுக்கு ஒரு இணையதளம் அமைத்துக் கொடுத்தார். பாஸ்வேர்டையும் அவரிடமே விட்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சேலத்திலிருந்து வந்த வயதான தம்பதி பைகளோடு என் வாசலில் நின்றார்கள். திருநள்ளாற்றில் தங்க அவர்கள் பணம் கட்டிய விடுதி அங்கே இல்லவே இல்லையாம். பணம் கட்டிய பக்கம் என் தளத்துக்குள் இருந்தது. அதில் என் முகவரியைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள்.

பாஸ்வேர்டு வைத்திருந்த இணைப்புக்காரரை வரவழைத்தேன்.

"என் வீட்டுக்குள்ளயே உக்காந்து இப்படிப் பண்ணிட்டீங்களே, ஏங்க?"

"உங்க பேரைப் பார்த்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க சார்" என்றார், தலை நிமிராமல். பெரியவர்களின் பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்தார்.

ஆத்திரத்தில் நான் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார், படமெல்லாம் போயிடும்."

எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டுப் போனார்.

ஒரு படம்கூடக் குறையவில்லை. தளத்தை நான் மறுபடி திறக்கவில்லை. என் பெயரைக் கெடுத்தவருக்கு என் படங்கள்மேல் அத்தனை அக்கறை ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.