நடு அணையில் நின்ற மோட்டார்

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை என்று சீனிவாசலு சொல்லி ஐந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டறைக்குப் போவார், ஸ்பேனரை எடுப்பார், எதற்கு எடுத்தோம் என்று மறந்து திரும்பி ஊட்டுக்கு வருவார். மனைவி பங்காரம்மா வைத்த காப்பி ஆறிப்போய் ஏடு கட்டிக் கிடக்கும்.

கருமத்தம்பட்டியில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருசம் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடியதும் பங்காரம்மாவின் ஊரான உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், பவர் டில்லர் என்று வந்ததையெல்லாம் பழுது பார்த்தார். மலையடிவாரத்து அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த கந்தப்பனின் படகு மோட்டாரும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. அவர் சரி என்றால் சரிதான் என்று கந்தப்பன் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்பதில்லை.

ஆடிக் காற்று பேயாய் அடித்த ஒரு காலை, மீன் கூடைகளோடு கரைக்குத் திரும்பிய படகு நடு அணையில் இழுக்காமல் நின்றது. ஓட்டியவன் ரசாக். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுபோய், தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள் மேல் மோதவைத்தது. முதலை கிடக்கும் இடம் அது. படகு கவிழாமலிருக்க, கூட இருந்த வலைக்காரர் சாமுவேல் கையை நீட்டி மரத்தைத் தள்ளப்போக, நடுவில் சிக்கிய வலதுகை இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் சீனிவாசலு மோட்டாரைச் சோதித்தார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டினார், வெறும் படகில் தனியாக ஏறிக் கரையோரமாக இரண்டு சுற்று வந்தார். மோட்டார் பூப்போல ஓடியது. பாரம் அதிகம் ஏத்தியிருப்பான், ஓட்டத் தெரியாமல் திணறடித்திருப்பான் என்று கந்தப்பனிடம் சொன்னார். கந்தப்பன் அன்றே ரசாக்கை நிறுத்திவிட்டார்.

போகும்போது ரசாக் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "பல்பை அமுக்குனா எடுக்குதுங்ணா, உட்டா மறுபடியும் செத்துப்போகுது."

பல்பு என்றது, பெட்ரோல் டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே குழாயில் கோத்திருக்கும் ரப்பர் குமிழை. கையால் அமுக்கினால் பெட்ரோல் முன்னால் போகும். அன்றைக்கு சீனிவாசலு அதைக் காதில் வாங்கவில்லை. இப்போது அந்தப் பேச்சுதான் அவரைக் குடைந்தது. அமுக்கினால் எடுக்கிறதென்றால் மோட்டாருக்குப் பெட்ரோல் போதவில்லை. ஓட்டுகிறவனின் கைத்தப்பு அப்படி இருக்காதே.

ஆறாம் நாள் காலை பஸ் ஏறி ரசாக்கின் ஊட்டுக்குப் போனார். ரசாக் தேங்காய் மண்டியில் மூட்டை தூக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். உள்ளே வாங்க என்று கூப்பிட்டான், ஆனால் முகம் கொடுக்கவில்லை.

"நீ ஓட்டோணும் ரசாக்கு. அன்னைக்கு எப்படி ஓட்டுனயோ அப்படியே. நான் கூட உக்காந்து பாக்கறேன்."

 ரசாக் மண்டிக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொன்னான்.

அணைக்கு வந்து, கூடைகளுக்குப் பதில் படகில் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். முதல் ஐந்து நிமிசம் முழு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. சீனிவாசலுவுக்கு ஒரு அற்ப ஆசைகூட எட்டிப் பார்த்தது, தான் சொன்னதே சரியாக இருந்துவிடாதா என்று. அணையின் பாதியைத் தாண்டியதும் மோட்டாரின் சத்தம் கம்மியது. மூச்சு முட்டியவனைப்போல் இழுத்து இழுத்து, படகின் வேகம் குன்றிப்போனது. ரசாக் குமிழைக் காட்டினான். சீனிவாசலு அமுக்கினார். மோட்டார் சீறிக்கொண்டு எடுத்தது. கையை எடுத்தார், அடங்கியது.

டேங்கு மூடியில் காற்று போகும் துளை அடைத்திருக்குமோ என்று மூடியையே திறந்துவிட்டார். மாற்றமில்லை. வடிகட்டி சுத்தமாக இருந்தது. மெதுவாகக் கரைக்கு வந்து, கந்தப்பனின் இன்னொரு படகிலிருந்து குழாயைக் கழற்றி இதில் மாட்டி மறுபடி போனார்கள். இந்த முறை அக்கரை வரை முழு வேகத்தில் போய்த் திரும்பியது.

கழற்றிய பழைய குழாயை சீனிவாசலு மடிமேல் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் கீறினார். வெளியே புதுசுபோல் மினுமினுத்த குழாய்க்குள், உள்தோல் பெட்ரோலில் ஊறி உரிந்து தொளதொளவென்று கிடந்தது. மோட்டார் வேகமாக உறிஞ்சும்போது அந்தத் தோல் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருக்கிறது. கரையோரச் சுற்றில் இது எப்படித் தெரியும்?

அது மருந்தடிக்கும் ஸ்பிரேயர் குழாய். போன தைமாதம், சரியான குழாய் கொச்சியிலிருந்து வரப் பத்து நாளாகும் என்று கடைக்காரர் சொன்னபோது, இதுவும் ரப்பர்தானே என்று பட்டறையில் கிடந்ததை வெட்டி மாட்டியது அவரேதான்.

"இது நான் போட்டதுதான்" என்றார்.

"தெரியுமுங்ணா" என்றான் ரசாக். "நீங்க மாட்டறப்ப பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்தேன். நான் சொல்லியிருந்தா யாரு நம்புவாங்க?"

சீனிவாசலு அப்படியே கீறிய குழாயோடு கந்தப்பனிடம் போனார். மீன் எடை போட ஆட்கள் கூடியிருந்த நேரம். ரசாக் மேல் தப்பில்லை, பொய்யான காரணம் சொன்னது நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். கந்தப்பன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனிமேல் மோட்டாரைப் பொள்ளாச்சியில் காட்டிக்கொள்கிறேன் என்றார் கடைசியில், கடுமை இல்லாமல். ரசாக்கைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவன் உடனே வரவில்லை. மண்டியில் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு அடுத்த வாரம் வாரேன் என்று சொல்லிவிட்டானாம்.

சாமுவேலிடம் போவதுதான் சீனிவாசலுவுக்குப் பெரும்பாடாக இருந்தது. இரண்டு தடவை அவர் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார். மூன்றாம் தடவை பங்காரம்மா கூடவே வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு சாமுவேல் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சீனிவாசலுவுக்கு.

"வெரலு மூணு இன்னும் மடங்கலீங்க" என்றார் சாமுவேல். "வலை பின்ன முடியுமான்னு டாக்டர் இப்பச் சொல்ல மாட்டேங்கறாரு."

கிழிந்த வலை ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது. சீனிவாசலு அதை எடுத்து, எந்தக் கண்ணியிலிருந்து பின்னத் தொடங்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.