ஐந்தாம் முறை அப்ரண்டிஸ்

லேமினேஷன் செய்த நாலு சான்றிதழ்களை, வேலை கேட்டு வந்த அந்த அக்கா என் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பயிற்சிப் பிரிவில் அப்போது நான் எழுத்தர். நாலு கம்பெனி, நாலு வருடம், நாலிலும் ஒரே வாசகம்: அப்ரண்டிஸ் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார். இத்தனை காகிதம் சேர்ந்தால் நிரந்தர வேலை நிச்சயம் என்று நம்பி, பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார், பாவம்.

அப்ரண்டிஸ் என்ற சொல்லின் கதை எனக்குத் தெரியும். அகராதி புரட்டும் கிறுக்கு உண்டு. கற்றல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்ததாம். சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அப்ரண்டிஸ் என்றால், பட்டறைக்காரர் வீட்டிலேயே தங்கி, அவர் போட்ட சோற்றைத் தின்று, பெரும்பாலும் ஏழு வருடம் தொழில் பழகுபவன். பழகி முடித்தால் அவனும் தொழில்காரன்தான். பிறகு ஆலைகள் வந்தன. அந்தச் சொல்லிலிருந்து வீடும் சோறும் போயின. எங்கள் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தபோது கற்றலும் போய்விட்டது. வருடம் முடிந்தால் வெளியே அனுப்பலாம் என்பது மட்டும்தான் மிச்சம். எரிச்சலாக வருகிறது, வேறென்ன?

மேலாளர் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏற்கெனவே பயிற்சி பெற்றவரை அப்ரண்டிஸாக எடுக்க விதி இல்லை. நிரந்தர இடமும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இன்னா மேடம் இது? வேலை தெரிஞ்சது ஒரு குத்தமா?" என்றார் அக்கா. கணவர் இல்லை. சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை. மகள் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதுதான் என்றார். பிறகு நாலு சான்றிதழ்களையும் அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"எனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக்கோ மேடம். உன் கால்ல வேணா வுழுறேன்."

புதிய படிவம் எடுத்தேன். முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்துதான். மேலாளர் அக்காவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் ஒப்பமிட்டார். இன்று அந்த வேலையில் நான் இல்லை. அந்த எழுத்து மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை அசெம்பிளி லைனுக்குப் போயிருந்தேன். அக்காவைவிடப் பத்து வயதாவது இளைய சூப்பர்வைசர், ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அக்கா வேண்டுமென்றே அதைத் தப்பாகப் பிடித்து, "இப்படியா சார்?" என்று கேட்டார்.