ஐஸ் கம்பெனியின் முதுகு

எங்கள் தெரு இஸ்திரிக் கடைக்காரரின் மகளை எல்லோரும் 'கிழக்கு' என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் யார் எந்தத் திசையைக் கேட்டாலும் "கிழக்கு" என்று அடித்துச் சொல்லுவாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. வளர்ந்த பிறகும் அந்த விஷயத்தில் அவளுக்கு விமோசனம் இல்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனால்கூட, திரும்பி வர யாரிடமாவது வழி கேட்பாள்.

அப்படிப்பட்டவள் பதினோராம் வகுப்பில் புவியியல் எடுத்திருக்கிறேன் என்று வந்து நின்றதும் வீடே சிரித்தது.

"நீச்சல் தெரியாதவ கப்பல் ஓட்டப் போறாளாம்," என்றாள் அம்மா.

"அந்தப் புத்தகத்துல மேலேர்ந்து எடுத்த ஆத்துப் படம் ஒண்ணு இருக்கும்மா. அவ்வளவு அழகு. அதான் எடுத்தேன்," என்றாள் கிழக்கு. உண்மையில் வேறு காரணமே கிடையாது.

ஆனால் படிக்கப் படிக்க அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கடையில் அப்பா சட்டைமீது தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைக்கும்போது ஆவி எழும். "இது மேல போயி குளிர்ந்தா மேகம்ப்பா" என்று ஆரம்பித்துவிடுவாள். மலையின் ஒரு பக்கம் மழை கொட்ட, மறுபக்கம் ஏன் காய்கிறது என்று துவைத்த துணிமூட்டையை மலையாக வைத்து விளக்குவாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் மேகமா தயார் பண்ணிட்டிருந்தேன்னு சொல்லு," என்பார் அப்பா. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

கடைசி வருஷம் ஒவ்வொருவரும் ஒரு கள ஆய்வு செய்ய வேண்டும். அவர்களுடைய டீச்சர் பேசினால் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும். "மலையும் கடலும் தேடி எங்கயும் போக வேண்டாம். அவங்கவங்க வாசலுக்கு வெளியில வந்து பாருங்க!" என்று முழங்கிவிட்டார். கிழக்கு வாசலுக்கு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. சரி, தெருவின் சூட்டையே அளப்போம் என்று முடிவு செய்தாள்.

பள்ளியிலிருந்து சில தெர்மாமீட்டர்களை வாங்கி வந்து, கடை வாசல்களிலும் பஸ் ஸ்டாப்பிலும் ஒரே உயரத்தில், நிழலில் தொங்கவிட்டாள். காலை, மதியம், மாலை என்று சுற்றி வந்து பார்த்தாள். இரண்டு நாளில் தெருவே களத்தில் இறங்கிவிட்டது. யார் கடை வாசலில் சூடு அதிகம் என்று போட்டி.

"என் அடுப்புக்கு முன்னாடி உங்கப்பா பெட்டி சுண்டைக்காய்," என்று சவால் விட்டார் பேக்கரிக்காரர்.

"வாய்ச் சூட்டைக் கணக்குல சேர்க்காதேம்மா, அவர்தான் ஜெயிப்பார்," என்றார் அப்பா.

நடுவர் சலூன்காரர். ஒரு மதியம் பேக்கரி வாசல் தெர்மாமீட்டர் எகிறிக் கிடந்தது. கிழக்கு அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முழுக்க விரல் தடம், வெள்ளை வெளேரென்று.

"மாமா, இதை அடுப்புக்கிட்ட கொண்டு போனீங்களா?"

"நானா? சேச்சே! மாவு காத்துல பறந்து ஒட்டியிருக்கும்."

"மாவு ஒட்டும் மாமா. ரேகையுமா பறந்து வந்து ஒட்டும்?"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஷேவிங்குக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் சலூன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து சிரித்துவிட்டுப் போனார். அந்த அளவு செல்லாது என்று நடுவர் அறிவித்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் பஸ் ஸ்டாப்பில் போய் இடித்தது. அங்கே ஒரு மரம் கிடையாது. மேலே வெறும் தகரக் கூரை. நியாயமாகப் பார்த்தால் கொதிக்க வேண்டும். ஆனால் எப்போது பார்த்தாலும் அங்கேதான் சூடு குறைவு.

"தெர்மாமீட்டர் பழுதா இருக்கும். மாத்திப் பாரு," என்றார் டீச்சர். மாற்றினாள். புதியதும் அதையே காட்டியது. சாப்பிடும்போதும் தலை வாரும்போதும் அவளுக்கு அதே யோசனை.

ஆய்வோடு வரைபடமும் கொடுக்க வேண்டும், சுற்றுப்புறம் அதில் இருக்க வேண்டும் என்றதால் பக்கத்துத் தெருவையும் அளக்கப் போனாள். அம்மாவும் கூடப் போனாள், டேப்பைப் பிடிக்கப் பாதி, மகளைத் திருப்பிக் கூட்டிவரப் பாதி. அந்தத் தெருவையும் தனித்தாளில் வரைந்து முடித்தாள். சுருட்டி வைத்திருந்த தாள்கள் விரித்தால் நிற்கவில்லை. அப்பா மேலே ஒரு துணியைப் போட்டு, இளஞ்சூட்டில் இரண்டையும் தேய்த்துக் கொடுத்தார்.

இஸ்திரி மேஜையில் தாள்களை ஒட்டி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு ஐஸ் கம்பெனி உண்டு. சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் அது எங்கோ தூரத்தில் இருப்பதாகவே நாங்களெல்லாம் நினைத்திருந்தோம். தாளில் பார்த்தால் ஐஸ் கம்பெனியின் பின்சுவரும் பஸ் ஸ்டாப்பின் சுவரும் ஒன்றுதான்!

"அப்பா! அது ஐஸ் கம்பெனி முதுகுப்பா!" என்று கத்திக்கொண்டே செருப்பு போடாமல் ஓடினாள்.

நான் அப்போது பஸ் ஸ்டாப்பில்தான் உட்கார்ந்திருந்தேன். வந்தவள் எங்கள் தலைகளுக்கு நடுவே கையை நீட்டிச் சுவரில் வைத்தாள். பிறகு கன்னத்தையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நீங்கல்லாம் எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

அங்கே மதியம்தோறும் உட்காரும் எங்களில் யாரும் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை. என்னவோ அங்கே உட்கார்ந்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். ஒரே அளவு சூடு உள்ள இடங்களைக் கோடு போட்டு இணைத்திருந்தாள் கிழக்கு. ஒரு கோடு மட்டும் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் தொப்பை போட்டு வளைந்தது.

"இது ஏன்மா இப்படிப் போகுது? கை நடுங்கிடுச்சா?"

"இல்ல சார், சுவர் குளிருது." முழுக்கதையையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

அவர் மதிப்பெண் எவ்வளவு என்று அங்கே சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். எங்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார். அவருடைய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

"சார், உங்க பஸ்ஸு," என்றேன்.

"இருக்கட்டும், இன்னொண்ணு வராமலா போயிடும்?" என்றார்.

ரிசல்ட் வந்தபோது புவியியலில் பள்ளிக்கே அவள்தான் முதல். வரைபடத்தின் நகல் ஒன்றை சலூன்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டினார். அதில் சூடு அதிகம் என்று காட்டும் அடர்சிவப்பு இருந்தது பேக்கரி வாசலில், ஒரு நூலிழை வித்தியாசத்தில். பேக்கரிக்காரர் தெருவுக்கே பன் கொடுத்தார். அப்பா தன் பங்கை வாங்கிக்கொண்டு, "பெத்த பொண்ணே என்னைத் தோக்கடிச்சிட்டா பாருங்க," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முகம் கொள்ளாத சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்தார்.