நடக்காத கிரகணம்

லோகநாயகிக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். வயது இரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பதுக்கு மேல். அது ஒரு சூரிய கிரகணம். அதுவும் நடக்காத கிரகணம்!

கும்பகோணத்தில் வேதியியல் டீச்சராக இருந்தவள் 2001-இல் சௌந்தரராஜனைக் கைப்பிடித்து கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்தாள். "ரெண்டே வருஷம், தீசிஸ் முடிஞ்சிடும்" என்றான். ஏழு வருஷம் ஓடிவிட்டது. புவாண்ட்-கிளேர் புறநகர்க் கிடங்கில் மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டியே அவள் விரல் நுனிகள் மரத்துப்போயின. அவன் மனசோ சீனாவை விட்டு வரவே இல்லை.

பழங்காலச் சீன அரசவைகளில் வானம் பார்க்கவென்றே அதிகாரிகள் இருந்தார்கள். கிரகணம் பிடித்த நாளைத் தவறாமல் எழுதிவைத்தார்கள். அந்தத் தேதிகளைக் கொண்டு பூமியின் சுழற்சி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் ஆராய்ச்சி. எல்லாம் பொருந்திவந்தன, ஒன்றைத் தவிர. அடுத்தடுத்த இரண்டு மாதங்களில் இரண்டு சூரிய கிரகணம் என்றது ஒரு குறிப்பு. முதலாவது நிஜம். மறு அமாவாசைக்கே அதே ஊரில் இன்னொன்று தெரிய வழியே இல்லை. பிறகு ஏன் எழுதினான் அந்த மகராசன்? இந்தக் கேள்வி மட்டும் இரண்டு வருஷத்தை விழுங்கிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் அவன் பெயரை நீக்கிவிடும்.

"உம்மட மனுசன் குடுத்திட்டாரோ?" என்று கேட்டாள் கூட வேலைசெய்யும் திருகோணமலை மீனாம்பிகை.

"போனே எடுக்கலை அக்கா."

"அப்ப இன்னும் கிரகணம் விடேல்ல. நீர் போம், உம்மட பெட்டியையும் நான் பாக்கிறன்."

பஸ்ஸும் மெட்ரோவும் மாறி டவுன்டவுனில் அவன் பல்கலைக்கழக அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். சவரம் செய்யாத முகத்தோடு திரையை வெறித்துக்கொண்டிருந்தான் அவன்.

"அந்த ஒரு பத்திதான் பாக்கி லோகு."

"அந்தக் குறிப்பையே எடுத்துடுங்களேன்!"

"இத்தனை நூற்றாண்டா ஒருத்தரும் அழிக்கலை. நான் அழிக்கவா?"

"அப்ப தெரியலைன்னு எழுதுங்க."

"ஏழு வருஷம் படிச்சுட்டு தெரியலைன்னா? சிரிப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் கிடந்த கிரகணப் பட்டியலைப் புரட்டி, பின்னாளைய அரசவை ஒன்றின் குறிப்பில் விரலை வைத்தாள்.

"படிங்க."

"'மேகம். தெரியவில்லை.'"

"கீழே?"

"'மேகம். தெரியவில்லை.'"

"ராஜா முன்னாடி கைகட்டி நிக்கிற உத்தியோகம்! அவங்களுக்கே தெரியலைன்னு எழுத மனசு வந்திருக்கு. உங்களுக்கு என்னங்க வெட்கம்? டீச்சர் வேலையை விட்டேன். அப்பா சாவுக்குப் போகலை. தீசிஸ் முடியட்டும்னு ஒரு பிள்ளையைக்கூடத் தள்ளிப்போட்டேன். இனிமே தள்ளிப்போட என்கிட்ட எதுவும் இல்லை!"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். எத்தனையோ நாள் கழித்து, நிஜமாகவே பார்த்தான். பிறகு விசைப்பலகையில் தட்டினான்: இந்தக் குறிப்பு ஏன் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும்...

"'ஆனாலும்' வேண்டாம். புள்ளி வைங்க."

வைத்தான்.

அச்சான தாள்களைச் சூடு ஆறுமுன் அள்ளிக்கொண்டாள். "ஒன்பதாவது அட்டவணையை ஒரு தடவை மட்டும்..." என்றான்.

"நடங்க!"

அலுவலகத்தில் முத்திரை விழுந்தபோது மணி நாலு இருபத்தாறு. வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து லோகநாயகி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"லோகு, என்னை மன்னிச்சுடு..."

"பேசாம ஏதாவது வாங்கிக் குடுங்க. காலையிலேர்ந்து பட்டினி."