சாக்பீஸ் கோட்டுக்கு எந்த வார்னிஷ்

தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தே வேலைக்காலத்தைக் கழித்தவர் அவர். தெருவில் எல்லோருக்கும் எக்ஸ்சேஞ்ச் அக்கா. ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. படம் செய்யத் தொடங்கினார். வரைவதல்ல, செய்வதுதான். பலகையில் துணியையும் காகிதத்தையும் ஒட்டி, மேலே வாட்டர் கலர் பூசி, நடுநடுவே நூல் ஓட்டி, ஒரு தெருவையோ சமையலறையையோ கொண்டுவந்து நிறுத்திவிடுவார். முடிந்ததும் கைக்குக் கிடைத்த வார்னிஷை ஒரு பூச்சு பூசுவார். அதில் அவர் பெரிதாக மூளையைச் செலவழித்ததில்லை.

அம்மாவின் தையற்கடையைப் படமாக்கத் தொடங்கியபோதுதான் யோசனை வந்தது.

அந்தக் கடை வீட்டின் முன்னறையில் இருந்தது. ஜன்னலோரம் மிஷின், அதன் காலடியில் வெட்டுத்துணிக் குவியல், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் பழுப்புக் காகித அளவுத்தாள்கள். தம்பி வளர வளர அவனுக்கு அம்மா புதுத் தாள் வெட்டியதில்லை. பழைய தாளைப் பெரிய காகிதத்தில் ஒட்டி, போன வருஷத்துக் கையை ஒட்டியே இந்த வருஷத்துக் கையைச் சாக்பீஸால் வளைத்துப் போடுவாள். "நீ வளர்ற வேகத்துக்குத் துணி நெய்றவன் ஓடி வரணும்டா" என்பாள். வாயில் குண்டூசி இருப்பதால் பாதிச் சொல் உள்ளேயே நின்றுவிடும். அந்தத் தாள்கள் ஒரு கட்டாக அக்காவிடம் இருந்தன. மடிப்புக்குள் இருந்ததால் கோடுகள் கலையவில்லை. அம்மாவின் கை அப்படியே தெரிந்தது.

அதில் ஒரு தாளைப் பலகையில் ஒட்டினார். பக்கத்தில் லைனிங் துணி, கண்ணாடிப் பொத்தான்கள், வாட்டர் கலரில் ஜன்னல். சாக்பீஸ் மேல் வார்னிஷ் போடலாமா என்று கடைத்தெருவில் வண்ணக்கடை வைத்திருக்கும் அம்மாவைக் கேட்டுவரக் கிளம்பினார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்தான். மேஜை நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவன். மாற்றுச் சாவி அவனிடம் உண்டு. மேஜைமேல் இருந்த படத்தைப் பார்த்தான். தன் கை வருஷா வருஷம் வளர்ந்த கதையைக் கோடு கோடாக எண்ணிப் பார்த்தான். அக்காவுக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்துவோம் என்று நல்லெண்ணத்தோடு வண்டியிலிருந்து மர வார்னிஷ் டப்பாவை எடுத்து வந்தான்.

அக்கா திரும்பியபோது படம் பளபளவென்றிருந்தது. பழுப்புத்தாள் எண்ணெய் குடித்த தோசைக்காகிதம் மாதிரி கண்ணாடியாகியிருந்தது. ஜன்னல் மஞ்சளாகியிருந்தது. சாக்பீஸ் கோடு ஒன்றுகூட இல்லை. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காகிதத்தோடு காகிதமாகப் போய்விட்டது.

தம்பி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "காஞ்சா திரும்பத் தெரியும்னு நெனச்சேங்க்கா. தெரியல."

அக்கா திட்டவில்லை. கைப்பையை ஆணியில் மாட்டினார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பிறகு ரொம்ப நாள் இருவருக்கும் பேச்சு மட்டு. போன் அடித்தால் அக்கா எடுப்பார், "ம்" என்பார், அவ்வளவுதான். காலமெல்லாம் பிறர் லைனை இணைத்தவர் சொந்தத் தம்பியின் லைனைத் துண்டித்துவிட்டார் என்று தம்பியின் மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு அவளே அவனைக் கிளப்பி அனுப்பினாள்.

அவன் வெறுங்கையோடு வரவில்லை. வண்ணக்கடை அம்மாவிடம் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பாடம் கேட்டு வந்திருந்தான்.

"நேரா பிரஷ் வைக்கக் கூடாதாம். சாக்பீஸ் கலையாம இருக்க முதல்ல ஒட்டு ஸ்ப்ரே அடிச்சு நிக்க வைக்கணும். அதுக்கு மேல சீலர், காகிதம் ஈரம் குடிக்காம அடைக்க. கடைசியிலதான் வார்னிஷ், அதுவும் தண்ணியில கரையுற வகை. எண்ணெய் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாயிடுமாம்."

"இதையெல்லாம் கேட்டுவரத்தான் அன்னைக்கு நான் போனேன்" என்றார் அக்கா. பேச்சு வந்துவிட்டது.

அம்மாவின் தாள்கட்டுக்குள் இன்னும் தாள்கள் இருந்தன. இந்தமுறை யாரும் அவசரப்படவில்லை. கோடில்லாத ஓரத்தாளைத் துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொன்றிலும் அக்கா சாக்பீஸால் ஒரு வளைவு போட்டார், கொஞ்சம் வாட்டர் கலர் தடவினார், ஒரு நூல் ஒட்டினார். தம்பி விதவிதமாய்ப் பூசினான். மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டார்கள். ஸ்ப்ரே இல்லாமல் சீலர் பட்ட துண்டில் கோடு இழுபட்டிருந்தது. அக்கா தானே ஸ்ப்ரே அடித்ததில் சொட்டு விழுந்து பொட்டுப் பொட்டாய்ப் போயிருந்தது.

"நீ டப்பாவ நிறுத்தி நிறுத்தி அடிக்கிறக்கா. கை ஓடிக்கிட்டே இருக்கணும். குடு இப்படி."

அலமாரிக் கதவுக்கு வருஷக்கணக்கில் ஸ்ப்ரே அடித்த கை அது. துண்டுக்கு வெளியே தொடங்கி, மேலாகக் கடந்து, வெளியே போய் நின்றது. மூடுபனி மாதிரி இறங்கியது. காயவிட்டு மறுபடி. கோடு நின்றது. முன்பிருந்த வெள்ளை இல்லை, கொஞ்சம் அடங்கியிருந்தது.

"மங்கிடுச்சே" என்றான்.

"இருக்கே" என்றார் அக்கா.

அடுத்து வார்னிஷ் மினுக்கா, மினுங்காத மட்டா என்று வழக்கு. மினுங்காத பொருளுக்குப் பாலிஷ் என்று பெயர் வைப்பார்களா என்பது அவன் கட்சி. அம்மாவின் கடையில் பொத்தானைத் தவிர எது மினுங்கியது என்று அக்கா கேட்டார். கத்தரிக்கோல்கூடக் கறுத்துப்போனதுதான். கடைசியில், இன்னொரு அளவுத்தாளை ஒட்டிச் செய்த புதுப்படத்தில் தாளுக்கும் துணிக்கும் மட் வார்னிஷ், பொத்தான்களுக்கு மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் மினுக்கு என்று தீர்ப்பானது. ஒவ்வொரு பொத்தானாக அவன்தான் தொட்டு வைத்தான். வைக்கும்போது ஒன்றைக் காட்டி, "இது என் நீலச் சட்டையிலிருந்து தெறிச்சது. அம்மா தேடித் தேடி, கெடைக்கவே இல்லைன்னு சொன்னா" என்றான்.

"கெடைச்சுதுடா. உனக்கு அதுக்குள்ள சட்டை பத்தாமப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் வெகுநேரம் துடைத்தார். அவன் பிரஷ் கழுவுகிற சாக்கில் எழுந்து போனான்.

புதுப்படம் அக்காவின் கூடத்தில் மாட்டியாயிற்று. கெட்டுப்போனதைத் தம்பி தூக்கிப்போட விடவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போனான். வருகிற வாடிக்கையாளர்கள் இது என்ன பாலிஷ், எங்கள் கட்டிலுக்கும் இதே நிறம் வருமா என்று கேட்கிறார்களாம்.

இப்போது தெருவில் பலர் தங்கள் சாமான்களைப் படமாக்கித் தரச்சொல்லி அக்காவைத் தேடி வருகிறார்கள். ஒருவர் பழைய ரயில் டிக்கெட், ஒருவர் குழந்தையின் முதல் கிறுக்கல். யார் எதை நீட்டினாலும் அக்கா முதலில் ஓரத்தை மட்டும் ஈரவிரலால் தொட்டுப் பார்க்கிறார். மை இளகினால், "இதுக்கு ஸ்ப்ரே வேணும். தம்பி ஞாயித்துக்கிழமை வருவான், வச்சுட்டுப் போங்க" என்கிறார்.